ஆரோக்கியமானவர் எண் 1

ஜனவரி 2, திங்கள்

தெருமுனை மருந்துக்கடையில் நல்ல வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கொடுத்த டைரியாம் இது. ஜெபசிங் நேற்று கொண்டுவந்து என் மேசையில் போட்டார்.

"டைரி குடுக்குற அளவுக்கு அந்தக் கடையில என்னத்த வாங்குதிய?" என்று கேட்டேன்.

"இருமல் மிட்டாய்" என்றார்.

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இந்த மனிதர் இருமி நான் பார்த்ததில்லை. போகட்டும், எனக்கும் ஒரு டைரி வேண்டியிருந்தது. ஆய்வகக் குறிப்பேட்டில் எண்ணையும் நேரத்தையும் மட்டும்தான் எழுத வேண்டும், அதுவும் அழியாத மையில். குலசேகரன் சாரைத் திட்டுவதற்கு அதில் இடம் கிடையாது. அவர் என் வழிகாட்டி. ஐந்து வருஷமாக வழி காட்டிக்கொண்டே இருக்கிறார், ஊர்தான் வந்து சேரவில்லை.

என்ன ஆராய்ச்சி என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கிறது. ஒருமுறை எழுதிவைக்கிறேன், இனி பக்கத்தைக் காட்டிவிடலாம். நான் செய்வது ஒரு ஜெல். கடல்பாசி இனிப்பு மாதிரி வழவழவென்று இருக்கும், திடமும் இல்லை, திரவமும் இல்லை. அதை நெற்றிப்பொட்டு அளவுக்கு வார்த்து, வாளவரை விதையிலிருந்து எடுத்த நொதியை உள்ளே அடைக்கிறேன். எச்சிலில் யூரியா இருந்தால் நொதி அதை உடைக்கும், அம்மோனியா வரும், பொட்டு உப்பும். எவ்வளவு உப்பியது என்பதை சோப்பு டப்பா அளவுள்ள என் கருவி அளந்து ஓர் எண்ணாகக் காட்டும். நாற்பதுக்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. மேலே போனால் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். உப்பளத்து வெயிலில் வேலை செய்து சிறுநீரகம் கெட்டுப்போகிறவர்கள், பாத்தி வரப்பில் நின்றபடியே அதைத் தெரிந்துகொள்ளலாம். அதற்குத்தான் இந்தப் பாடு.

தினமும் காலையில் கருவியை எழுப்பியதும், ஆரோக்கியமான ஒருவரின் எச்சிலை முதலில் வைத்து அது சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசிவரை ஒரே ஆளாக இருக்க வேண்டும். புகையிலை, வெற்றிலை, சர்க்கரை வியாதி எதுவும் கூடாது. ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறவராக இருந்தால் நல்லது. எங்கள் ஆய்வகத்தில் யாரும் இதற்கு வெளியே ஆள் தேடுவதில்லை. வீட்டில் இருப்பவர்தான். கருவி என் பையிலேயே வீட்டுக்கும் ஆய்வகத்துக்கும் வந்து போகும்.

படிவத்தில் 'ஆரோக்கியமானவர் எண் 1' என்ற தலைப்பின் கீழ் நானே நிரப்பினேன். வயது 38. துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். மாத்திரை ஏதும் எடுப்பவரா: இல்லை. ரத்தப் பரிசோதனை அறிக்கை இணைக்கப்பட்டுள்ளதா: பிறகு.

பல் விளக்குவதற்கு முன்னால் குழாயில் துப்பிக் கொடுத்துவிட்டு, "பாஸா, பெயிலா?" என்று கேட்டார்.

38. "ஜஸ்ட் பாஸ்" என்றேன்.

ஜனவரி 9, திங்கள்

உப்பளத்தில் முதல் நாள். விடிந்தும் விடியாமலும் போனால் அவர்கள் அதற்குள் பாதி வேலையை முடித்திருக்கிறார்கள். என்னை டீச்சர் என்கிறார்கள், கருவியை எச்சி மெஷின் என்கிறார்கள். அறுபத்தொரு பேர் பட்டியலில் இருக்கிறார்கள். இன்று கிடைத்தது பதினேழு.

கேள்விகளை ஒவ்வொருவரிடமும் படித்துக் காட்ட வேண்டும். காலையில் முகம் வீங்குமா? உடம்பு அரிக்குமா? கறி, மீன் பிடிக்காமல் போயிற்றா? வாய் கசக்குமா? வலி மாத்திரை தினமும் போடுவீர்களா? பதினேழு முறை படித்ததில் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

மாரிச்செல்வி என்ற பெண் கடைசிக் கேள்விக்குச் சிரித்தாள். "ரெண்டு மாத்திர போட்டாத்தான் டீச்சர் இடுப்பு நிமிரும். இங்க போடாத ஆளு யாரு?" எச்சில் மட்டும் தர மாட்டேன் என்றுவிட்டாள். யாராவது எடுத்துக்கொண்டு போய் செய்வினை வைத்துவிட்டால் என்ன செய்வது என்கிறாள். நான் யாருக்கு வைக்கப்போகிறேன்? நேரம் இருந்தால் முதலில் சாருக்கு வைப்பேன்.

ஜனவரி 20, வெள்ளி

ஜெபசிங் 43. காற்றில் ஈரம் அதிகம். ஜெல் சும்மா இருந்தாலே ஊறும்.

பிப்ரவரி 3, வெள்ளி

52.

கருவியைப் பிரித்துப் பூட்டினேன். விளக்கு சரி, கம்பி சரி. வடிநீர் கேனைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். பிறகு வாளவரையைச் சந்தேகப்பட்டேன். ஐந்து வருஷத்தில் நான் சந்தேகப்படாத பொருள் ஆய்வகத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை.

சாரிடம் காட்டினேன். கணினியிலிருந்து தலையைத் திருப்பாமலேயே, "ஸ்லோவா ஒரே பக்கமா ஏறுதா? அப்ப டிரிஃப்ட்தான் பொன்சீலி. மெட்டீரியல் ஏஜ் ஆகுது" என்றார். டிரிஃப்ட் என்றால், அளக்கப்படுகிற பொருள் மாறாமல் இருக்கும்போதே அளக்கிற கருவி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துபோவது. தராசுத் தட்டில் தூசி படிகிற மாதிரி. ஜெல்லுக்கு இது சகஜம். மெதுவாக, ஒரே பக்கமாக, தினம் கொஞ்சம். ஆமாம், அப்படித்தான் ஏறுகிறது.

ஜெபசிங் காலையில் கண் இடுங்கி, முகம் உப்பி எழுந்திருக்கிறார். தூக்கம் போதவில்லையாம். இரவில் நாலைந்து தடவை எழுந்து போகிறார். குடிக்கிற தண்ணீரைக் குறையுங்கள் என்றேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

59. புது ஜெல் வார்த்தேன். அதிலும் 59. அழுகை வந்தது. சார் முன்னால் அழக்கூடாது என்று கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மே மாதத்தோடு உதவித்தொகை முடிகிறது. தீசிஸ் முடியட்டும், அப்புறம் குழந்தை என்று ஐந்து வருஷமாகச் சொல்லிவருகிறோம். ஒரு பொட்டு என்னை இந்தப் பாடு படுத்துகிறது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜெபசிங் சொன்னார்: "நான்தான் தப்பா துப்புதனோ என்னவோ. நாளைக்கு ஒழுங்கா துப்புதேன் புள்ள."

சிரித்துவிட்டேன்.

பிப்ரவரி 22, புதன்

சாம்பல் புதன். லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு, தொடங்கின. ஜெபசிங் நாற்பது நாளும் கறி, மீன் தொடுவதில்லை என்று அறிவித்துவிட்டார். பெரிய வெள்ளிக்கே கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்குகிற ஆள்! "யாருக்குப் பயந்து இப்படி ஒரு பக்தி?" என்று கேட்டேன். "பக்தி வந்தாலும் திட்டுத, வராட்டாலும் திட்டுத" என்றார்.

உண்மையில் போன மாதமே சீலா மீன் குழம்பைத் தட்டில் ஒதுக்கிவைத்தார். இரும்பு மாதிரி ருசிக்கிறதாம். என் சமையலை இரும்பு என்றவர் இவர் ஒருத்தர்தான். இரண்டு நாள் பேசவில்லை.

பிப்ரவரி 27, திங்கள்

64.

ஹமீதா என் ஜூனியர். காயல்பட்டினத்துப் பெண், கெட்டிக்காரி, கேட்காததையும் செய்வாள். இன்று கருவியை மேசையில் வைத்துவிட்டு நான் சாரைப் பார்த்து வருவதற்குள் தன் எச்சிலை வைத்துப் பார்த்திருக்கிறாள். 27 வந்ததாம்.

"அக்கா, மெஷின் சரியாத்தானே இருக்கு? மச்சானுக்குப் பதிலா வேற யாரையாவது கன்ட்ரோலா வச்சு ஒரு வாரம் பாப்பமா?"

நடுவில் கன்ட்ரோலை, அதாவது தினமும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆரோக்கியமானவரை, மாற்றக்கூடாது என்பது முதல் பாடம். மாற்றினால் இரண்டு மாத எண்களும் குப்பைக்குப் போகும். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவள் வைத்தது வேறு தட்டில் வார்த்த ஜெல். அதனால்தான் 27.

மார்ச் 3, வெள்ளி

விடை கிடைத்தது. பொட்டோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு எண்ணைத் திருத்திவிடுவது என்று முடிவு. ஜெபசிங் ஆரோக்கியமானவர். ஆரோக்கியமானவருக்குச் சராசரியாக 28 வர வேண்டும். ஆகவே தினமும் காலையில் அவர் எச்சிலுக்கு என்ன எண் வந்தாலும் அதை 28 என்று எடுத்துக்கொள்ளும்படியும், அதே விகிதத்தில் மற்ற எல்லோருடைய எண்ணையும் குறைக்கும்படியும் கருவிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். திருத்தாத பழைய எண்கள் நினைவகத்தில் ஒரு ஓரத்தில் கிடக்கும். யார் பார்க்கப்போகிறார்கள்?

சார் எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "வெரி குட். இதுவே ஒரு பேப்பர்" என்றார். ஐந்து வருஷத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுந்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 4, சனி

"பாஸா, பெயிலா?"

28. "டிஸ்டிங்ஷன்!" என்றேன். மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 13, திங்கள்

உப்பளம். பட்டியல் முடிந்தது, அறுபத்தொன்று. ஒருவர்கூட நாற்பதைத் தாண்டவில்லை. மாரிச்செல்வி கடைசியாக மனம் இரங்கி, அந்தப் பக்கம் திரும்பி நின்று துப்பிக் கொடுத்தாள்.

"எப்படி டீச்சர் இருக்கு?"

"31. நல்லாயிருக்கு."

"அப்பக் காலு வீங்குதது?"

"நின்னுகிட்டே வேலை பாத்தா வீங்கத்தான் செய்யும்."

அவளுக்கு நிம்மதி. எனக்கும்.

பாதிப் பேருக்கு 9, 10 என்றுதான் வருகிறது. மனித உடம்பில் அவ்வளவு குறைவாக வராது. நிறையத் தண்ணீர் குடிப்பார்களாயிருக்கும் என்று குறிப்பில் எழுதினேன். அங்கே தண்ணீர் லாரி இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது.

மார்ச் 16, வியாழன்

ஜெபசிங்கை வற்புறுத்திப் பல் டாக்டரிடம் அனுப்பினேன். பக்கத்தில் வந்தால் கழிவறை சுத்தம் செய்கிற மருந்து வாடை அடிக்கிறது. நானே சொல்ல வெட்கப்பட்டுப் பல நாள் சும்மா இருந்தேன். பல் டாக்டர் பல்லில் ஒன்றுமில்லை என்று சொல்லிக் கழுவி அனுப்பிவிட்டார். வாடை போகவில்லை. ஏலக்காய் மெல்லச் சொல்லியிருக்கிறேன்.

அது அம்மோனியா வாடை என்று எனக்குத் தெரியாதா? தினம் எட்டு மணி நேரம் அதன் நடுவில்தானே உட்கார்ந்திருக்கிறேன். ஆய்வகத்திலிருந்து என் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டு வீடுவரை வருகிறது போலிருக்கிறது.

மார்ச் 28, செவ்வாய்

சென்னையில் கருத்தரங்கு. கருவியை ஹமீதாவிடம் விட்டுவந்தேன், ஜெபசிங் காலையில் அவளிடம் போய்த் துப்பிக் கொடுக்கிறார். பேசி முடித்ததும் கைதட்டினார்கள். டிரிஃப்ட்டைத் திருத்திய விதம் எளிமையாகவும் அழகாகவும் இருக்கிறது என்று வயதான பேராசிரியர் ஒருவர் சொன்னார். போனில் ஜெபசிங்கிடம் சொன்னேன். "எல்லாம் என் எச்சி செய்த வேலை" என்றார். நடுவில் மூன்று தடவை விக்கினார். "உன்னைய நெனச்சுத்தான்" என்றார்.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர். லெந்து முடிந்தது. ஆட்டுக்கறி பிரியாணி செய்தேன். அவருக்குப் பிடிக்கும் என்று எலும்பு நிறையப் போட்டு, காலை ஆராதனை முடிந்து வந்ததும் இறக்கினேன்.

ஒரு வாய் வைத்தார். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். "நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் எறங்கல" என்றார். தயிர்சாதம் பிசைந்து கொடுத்தேன். அதையும் பாதியில் வைத்துவிட்டார்.

நோன்பு முடிந்துவிட்டது. இனி அவர் எதைச் சாக்குச் சொல்வார்?

நான் எதைச் சாக்குச் சொல்வேன் என்று எழுதத் தோன்றியது. எதற்கு அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 13, வியாழன்

முதுகெல்லாம் சொறிந்து சொறிந்து கோடு கோடாக இருக்கிறது. சோப்பை மாற்றினேன்.

ஏப்ரல் 20, வியாழன்

சட்டை துவைக்கப் போட்டபோது பையிலிருந்து மாத்திரை அட்டை விழுந்தது. பத்தில் எட்டு காலி. வலி மாத்திரை.

"எத்தன நாளா இது?"

"முதுகு வலிக்கும்லா. வண்டியில ஒக்காந்தே கெடக்கணும்."

"எத்தன நாளான்னு கேட்டேன்."

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும். காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு. கடக்காரன் தெரிஞ்ச பையன்தான், அவனே குடுத்துருவான்."

"இருமல் மிட்டாய்னு சொன்னிய?"

"நீ ஏசுவல்லா" என்றார்.

ஏசவில்லை. துவைக்கிற துணியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குக் காலையில் ரத்தம் கொடுக்கப் போகலாம் என்றேன். ஷிஃப்ட் இருக்கு, சனிக்கிழமை போவோம் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சரி என்றேன்!

ஏப்ரல் 21, வெள்ளி

கிடங்கில் வண்டியை நிறுத்தி இறங்கும்போது விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

ஏப்ரல் 22, சனி

யூரியா 208. கிரியேட்டினின் 11.4. ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது.

ஏப்ரல் 25, செவ்வாய்

கழுத்தில் குழாய் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். இரண்டாவது முறை முடிந்தது. மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது.

ஸ்கேன் படத்தை டாக்டர் விளக்குப் பலகையில் வைத்துக் காட்டினார். சின்ன வயசு டாக்டர், அவசரம் இல்லாமல் பேசுகிறார்.

"ரெண்டுமே சுருங்கிப் போச்சும்மா. பழைய டேமேஜ். இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவ டயாலிசிஸ், ஆயுசுக்கும். இல்லன்னா மாத்து சிறுநீரகம்."

"ஜனவரியில வந்திருந்தா?"

படத்தை எடுத்து உறையில் போட்டார். "மாத்திரைய நிறுத்தி, பிரஷரக் கட்டுப்படுத்தியிருந்தா கொஞ்ச வருஷம் ஓட்டியிருக்கலாம். ஆனா ஜனவரியில அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. யாருக்குமே தெரிஞ்சிருக்காது. நீங்க அத நெனச்சு வருத்தப்படாதீங்க."

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 29, சனி

என் ரத்த வகை பொருந்தவில்லை. அவர் அண்ணனுக்குப் பொருந்தலாம். அண்ணன் போனை எடுப்பதில்லை. அண்ணி எடுத்து, ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம் என்கிறாள். இறந்தவர்களின் சிறுநீரகத்துக்குப் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்கலாம் என்றார்கள், எழுதிவைத்திருக்கிறோம். எத்தனை வருஷம் என்று கேட்டேன், அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

மே 2, செவ்வாய்

பத்து நாளுக்குப் பிறகு ஆய்வகம் போனேன். ஹமீதா நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் வாங்கப் போனாள்.

கருவியின் நினைவகத்திலிருந்து திருத்தாத எண்களை எடுத்தேன். ஜனவரி 2 முதல் ஏப்ரல் 21 வரை, ஒரு நாள் விடாமல், எல்லாம் இருக்கின்றன. 38, 43, 52, 59, 64. திருத்தம் தொடங்கிய மார்ச் 3 அன்று 72. ஈஸ்டர் காலையில் 149. விழுந்த அன்று காலை 173. அன்றும் நான் 'பாஸ்' சொல்லித்தான் வேலைக்கு அனுப்பினேன்.

வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். வரிசையாக ஏறுகிறது, ஒரு புள்ளிகூடச் சிதறவில்லை. ஐந்து வருஷத்தில் இவ்வளவு சுத்தமான கோடு எனக்கு வந்ததே இல்லை. ஜெல் நகரவில்லை. ஒரு நாள்கூட நகரவில்லை. வேலை செய்கிறது. நான் எதற்காக அதைச் செய்தேனோ அதை அது முதல் மாதத்திலிருந்தே செய்துகொண்டிருந்தது. நான்தான் மூன்று மாதமாக அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன்.

மே 4, வியாழன்

சார் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "மெஷின் வேலை செய்யுதுன்னு காட்ட இதவிட நல்ல வேலிடேஷன்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாரி பொன்சீலி" என்றார். டிரிஃப்ட் என்று முதலில் சொன்னது நான்தானே என்றும் சொன்னார். நல்ல மனுஷன்தான். அவர் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று இந்தப் பத்து நாளும் எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. அவர் ஒருமுறைகூட ஜெபசிங்கின் முகத்தைக் காலையில் பார்த்ததில்லை.

கடைசியில், "படிவத்துல அவர பேஷன்ட் பக்கம் மாத்தி எழுதிருங்க" என்றார். ஆரோக்கியமானவர் எண் 1 என்பதை ஒரே கோடால் அடிக்க வேண்டும், அடித்தது தெரிய வேண்டும், பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதுதான் விதி. போட்டேன்.

மே 8, திங்கள்

திருத்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் அறுபத்தொரு பேரில் ஒன்பது பேர் நாற்பதைத் தாண்டுகிறார்கள். மாரிச்செல்வி 94.

பட்டியலோடு உப்பளத்துக்குப் போனேன். இப்போது உப்பு வாருகிற உச்சக் காலம். பாத்தியெல்லாம் வெள்ளையாகக் கண்ணைக் குத்துகிறது. ஒன்பதில் ஏழு பேரைப் பிடிக்க முடிந்தது. இரண்டு பேர் வேறு அளத்துக்குப் போய்விட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மாரிச்செல்வி நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு அமைதியாகக் கேட்டாள்: "அன்னைக்கு நல்லாயிருக்குன்னு சொன்னியளே டீச்சர்?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"நீங்க சொன்னியன்னுதான் ஆஸ்பத்திரிக்குப் போவாம இருந்தேன். எம்மவ போவச் சொன்னா. மெஷினே சொல்லிட்டுன்னு நான்தான் போவல."

நாளைக்கு வருகிறேன், என்னோடு ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். சீசன் முடியட்டும் டீச்சர், இப்பப் போனா வேற ஆளப் போட்டுருவாக என்றாள். பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட்டாள். கால் நன்றாக வீங்கியிருந்தது.

மே 9, செவ்வாய்

போனேன். வரவில்லை.

மே 20, சனி

இதை எழுதாமல் இருக்க நினைத்தேன். டயாலிசிஸ் அறைக்கு வெளியே நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எதுவும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிப்ரவரி 27 அன்று எழுதியது பொய். ஹமீதா எடுத்தது வேறு தட்டு இல்லை. ஒரே தட்டு. பக்கத்துப் பக்கத்துப் பொட்டு. அவளுக்கு 27, அவருக்கு 64. எண்ணைப் பார்த்தேன். அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. முகம் உப்பியது, மீனை ஒதுக்கியது, ராத்திரி எழுந்து போவது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. உப்பளத்தில் நானே படித்துக் காட்டிய வரிசை.

அப்போது என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் நோயாளி என்றால் கன்ட்ரோல் போயிற்று. கன்ட்ரோல் போனால் இரண்டு மாத வேலை போயிற்று, ஜூனுக்குள் முடியாது. இதைத்தான் முதலில் நினைத்தேன். ஜெபசிங்கை நினைத்தது இரண்டாவது. அந்த இரண்டாவது நினைப்பு வந்ததும் பயம் தாங்காமல் 'வேறு தட்டு' என்று எழுதிவிட்டேன். யாரும் படிக்காத இந்த டைரியில் எதற்குப் பொய் எழுதினேன்? எனக்காகத்தான்.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் "விடு புள்ள, உனக்கு எப்படித் தெரியும்" என்பார். அதைக் கேட்க என்னால் முடியாது.

ஜூன் 1, வியாழன்

உதவித்தொகை நேற்றோடு நின்றது. திருத்தாத எண்களோடு அனுப்பிய கட்டுரையை ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டது. இரண்டாவது படமாக அந்தக் கோடு இருக்கிறது. கீழே, 'ஒரு தனிநபரின் நூற்றுப்பத்து நாள் அளவீடு' என்று போட்டிருக்கிறார்கள். சார் வாழ்த்துச் சொல்லிச் செய்தி அனுப்பி, உடனே அதை அழித்திருக்கிறார். அழித்த அடையாளம் மட்டும் போனில் இருக்கிறது.

ஜூன் 12, திங்கள்

இன்று டயாலிசிஸ் முடிந்து வெளியே பெஞ்சில் உட்கார்த்தினேன். பதினோரு கிலோ குறைந்திருக்கிறார். சட்டை ஆணியில் தொங்குகிற மாதிரி தொங்குகிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். நாக்கு வறண்டு, ஒரு ஐஸ் துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தார்.

என் பையைத் துழாவி, துண்டுக்கு அடியில் கிடந்த கருவியைக் கண்டுபிடித்துவிட்டார். எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"குழாயக் குடு, எச்சி தாரேன்."

"அதெல்லாம் முடிஞ்சிட்டு. இனி வேண்டாம்."

"குடுன்னு சொல்லுதேன்லா. ரொம்ப நாளா விட்டுப் போச்சுல்லா."

ஐஸ் கரைந்து கொஞ்ச நேரம் போகட்டும் என்று காத்திருந்தோம். எச்சில் சுரக்கவே வெகுநேரம் ஆயிற்று. துப்பும்போது குழாயை நான் பிடித்துக்கொண்டேன். பொட்டை வைத்துவிட்டு இரண்டு பேரும் எண்ணுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம். திருத்தம் எதுவும் இப்போது கருவியில் கிடையாது. ரத்தம் சுத்தமாகி ஒரு மணி நேரம்தான் ஆகிறது.

38. ஜனவரி 2 அன்று வந்த அதே எண்.

"பாஸா, பெயிலா?" என்று கேட்டார்.

"ஜஸ்ட் பாஸ்" என்றேன்.

இத்தனை மாதத்தில் எத்தனையோ முறை அவருக்குப் பாஸ் போட்டிருக்கிறேன். இன்று போட்டது நிஜம். நாளைக்குக் காலையில் ஏறத் தொடங்கும், புதன்கிழமை மூச்சு வாங்கும். வியாழக்கிழமை ஏழு மணிக்கு அடுத்த முறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.